அணிந்துரை கேட்காததற்கு ஒரு கடிதம்

சேர்,

என் கதைப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் அணிந்துரை இல்லாமல்தான். வேறு யாரும் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட நினைத்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் "சரி சேர், எழுதித் தாங்கோ" என்று வாயில் வந்துவிடும். அதனால்தான் இப்படி, ஊரறிய.

கொழும்பு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அந்தச் சனிக்கிழமை. நான் கொண்டுவந்த கதையை நீங்கள் தொடவே இல்லை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டை விரித்து என் பக்கம் தள்ளினீர்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடி. காதலன் தன்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம், ஒரு குருகும், கொக்குதான், நின்றது என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி.

"குருகு எதைப் பாக்குது?"

"மீனை, சேர்."

"அப்ப அது என்ன சாட்சி?"

பின்னேரம் முழுக்க அந்த ஐந்து அடியை விட்டு நகரவில்லை. வாழ்க்கையே போகிற நேரத்தில் இவள் ஏன் கொக்கின் காலைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டீர்கள். நான் ஏ.எல். பாடத்தில் படித்த உவமை, உள்ளுறை எல்லாம் ஒப்புவித்தேன். "அவள் அப்ப தலை நிமிரேல்லை, பிள்ளை. கண்ணில பட்டது கால்தான்." உரைகாரர்கள் ஒப்புவார்களோ என்னவோ, நான் நம்பினேன். பிறகுதான் என் கதையைத் திருப்பித் தந்தீர்கள். "உம்மட கதையில எல்லாரும் சாட்சி சொல்லுகினம். ஒருத்தரும் ஆரலைப் பாக்கேல்லை."

அன்றிரவே அதைத் திரும்ப எழுதினேன். லொட்ஜில் தங்கியிருந்த அம்மா, கொழும்புக்கு வந்து தங்கும் தமிழர் அப்போது செய்யவேண்டியிருந்த பொலிஸ் பதிவுக்குக் காத்து நிற்கிற இடத்தில் அவவின் மனதை விளக்கியதையெல்லாம் எடுத்துவிட்டு, மேசையில் பாதி கடித்தபடி கிடந்த, மீன் வைத்த மாலு பணிஸை அவ பார்ப்பதாக வைத்தேன். அதன் கீழே நீங்கள் பென்சிலால் போட்ட கோடு இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. எந்தப் பரிசும் எனக்கு அதற்கு ஈடில்லை.

அதே நீங்கள்தான் மேடையில் அந்த வசனத்தைச் சொன்னீர்கள். அதை இங்கே எழுதமாட்டேன். மண்டபத்தில் இருந்தவர்கள் இதையும் படிப்பார்கள். அவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். சிரித்தார்கள், கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மன்னியுங்கோ சேர். ஆனால் உங்கள் பெயர் முன்னால் நின்றால், பக்கத்துக்குப் பக்கம் உங்கள் பென்சிலைத்தான் தேடுவார்கள். தேடினால் கிடைக்கவும் செய்யும், அதுதான் கரைச்சல். உங்களிடம் படித்ததை மறைக்கவில்லை. நன்றியுரையில் முதல் பெயர் உங்களுடையது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இன்னொன்று. அம்மாவின் கதையில் கடைசிப் பத்தியை நீங்கள் இரண்டு முறை வெட்டினீர்கள். திரும்பச் சேர்த்துவிட்டேன். மாலு பணிஸ் அப்படியே இருக்கிறது, அதற்குப் பிறகு அம்மா அழுகிறா. அழத்தான் செய்தா, சேர். நான் பக்கத்தில் நின்றேன்.