சார் நிற்பாரா என்று கேட்டார்கள்

அன்புள்ள சேகர்,

பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பாதியிலேயே வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். நம் வட்டத்துக் கட்சிக்காரர்கள் சிலர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு மேலிடத்துக்குப் பெயர்கள் அனுப்பப் போகிறார்களாம், சுத்தமான ஆள் வேண்டுமாம், உன்னைப் பற்றி விசாரித்தார்கள். "தண்டையார்பேட்டையில பாதிப் பேரு சார்கிட்ட படிச்சவங்கதானே, ஓட்டு தானா விழும்" என்றார் ஒருவர். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடாதே. உன்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இங்கே வாடகை கட்டுப்படாமல் செங்குன்றம், மீஞ்சூர் என்று போய்விட்டார்கள். இருப்பவர்களும் உன்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைப்பார்கள், அது வேறு, ஓட்டு வேறு. அண்ணாவே பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்தான், 1936இல் நம் பக்கத்துப் பெத்துநாயக்கன்பேட்டையில் மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். பிறகு 1949இல் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் கட்சி தொடங்கி, 1957இல் காஞ்சிபுரத்தில் ஜெயித்து சட்டசபைக்குப் போனவரை, 1962இல் அதே ஊர்க்காரர்கள் தோற்கடித்தார்கள். அன்பழகனை எடுத்துக்கொள். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், அமைச்சரான பிறகும் ஊருக்கெல்லாம் பேராசிரியர்தான். துறைமுகம் தொகுதியில் 2001, 2006 இரண்டு தடவையும் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில்தான் கரையேறினார், 2011இல் வில்லிவாக்கத்தில் தோற்றும் போனார். இன்று நுங்கம்பாக்கத்தில் கல்வித் துறை வளாகத்துக்கே அவர் பெயர்.

அந்தக் காலத்தில் சட்டசபைக்கு மேல் இன்னொரு சபையாக மேலவை இருந்தபோது பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பதற்கென்றே இருந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். மேலவையையே கலைத்தார், 2010இல் திரும்பக் கொண்டுவரப் பார்த்து அதுவும் நடக்கவில்லை. இருந்திருந்தாலும் உனக்கு என்ன லாபம்? உயர்நிலைப் பள்ளியும் அதற்கு மேலும் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான் அதில் ஓட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைபிடித்து 'அ' எழுத வைத்தவனுக்குக் கிடையாது. எனக்கு இப்போது நினைத்தாலும் எரிகிறது.

ஆனாலும் நீ நிற்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது, அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. எம்.எல்.ஏ. வேலையில் பெரும்பகுதி கேட்பதுதான். கேள்வி நேரத்தில் கேட்பது, துறைகளுக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கையில் கேட்பது, அப்புறம் அமைச்சர் "பரிசீலிக்கப்படும்" என்று சொன்னதை மறுபடியும் மறுபடியும் போய்க் கேட்பது. பள்ளிக் கழிப்பறைக்காக, அதிகாரி மாறும்போதெல்லாம் பழைய மனுவின் நகலை இணைத்துப் புது மனு எழுதிக்கொண்டே இருந்தாயே, அதுதான் அந்த வேலை. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, அதில் வகுப்பறை கட்டலாம், ரேஷன் கடை கட்டலாம். கொடுங்கையூர் குப்பை மேட்டையோ, எண்ணூர் சாலை கண்டெய்னர் லாரியையோ அந்தப் பணத்தால் அசைக்க முடியாது, அதற்குக் கோப்பைத் துரத்துகிற ஆள் வேண்டும். மேடையில் முழங்குகிறவர்கள் நம் பக்கம் ஏராளம், கோப்பைப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

உனக்குக் கஷ்டம் எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நீ பேச ஆரம்பித்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். அங்கே 234 பேர், சில நிமிஷத்தில் சபாநாயகர் மணி அடிப்பார். அதைவிட, கொறடா உத்தரவு என்று ஒன்று இருக்கிறது, மனசுக்குப் பிடிக்காத மசோதாவுக்கும் கட்சி சொன்னபடி கை தூக்க வேண்டும், மீறினால் பதவியே போகலாம். தலைமையாசிரியரிடமே நேருக்கு நேர் சண்டை போட்டவன் நீ. இதை மாலதியோடு உட்கார்ந்து யோசி.

பணம் இன்னொன்று. டெபாசிட் பத்தாயிரம்தான், செலவு உச்சவரம்பு 40 லட்சம் என்கிறார்கள், ஆனால் அதை யார் போடுவார்கள், போட்டவர் பிறகு என்ன கேட்பார் என்பதை நான் அவர்களிடமே கேட்டேன். சிரித்தார்கள். பதில் வரும்வரை நீ சம்மதம் சொல்லாதே.

ஓசூருக்குப் போன பிறகு உன் ஓட்டையும் அங்கே மாற்றிவிட்டாயா? மாற்றியிருந்தாலும் பரவாயில்லை, தமிழ்நாட்டில் எங்கே வாக்காளராக இருந்தாலும் இங்கே நிற்கலாம், அந்த ஊர் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் மட்டும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் ஒரு வரி போடு.

உன்
குமார்
பழைய வண்ணாரப்பேட்டை