பரு முகத்துக்கென்று நீங்கள் விற்ற பவுண்டேஷன்: ஆறாவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பவுண்டேஷன் என் முகத்தில் பருவை வரவழைத்தது பற்றி இது ஆறாவது கடிதம். முந்தைய ஐந்துக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இதையாவது கடைசி வரை படியுங்கள்.

உங்கள் மேட் பவுண்டேஷன், பம்ப் வைத்த கண்ணாடி பாட்டில். அட்டையின் முன்பக்கம் "நான்-காமெடோஜெனிக்" (தோல் துவாரத்தை அடைக்காதது), "ஆயில் ஃப்ரீ", "பரு வரும் சருமத்துக்கு ஏற்றது" என்று மூன்று வாக்குறுதிகள். பின்பக்கம் பொடி எழுத்தில், சேர்மானப் பட்டியலின் நான்காவது இடத்தில் ஐசோப்ரோபைல் பால்மிடேட். துவாரத்தை அடைக்கக்கூடியவை என்று பல காலமாகச் சந்தேகப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. பட்டியலை அளவு கூடியதிலிருந்து குறைந்ததற்கு எழுதுவதுதான் முறை. ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியைப் பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்கு ஏழு இடம் முன்னால் நிற்கும் பொருளை "துளிதான் இருக்கு" என்று உங்கள் ஆள் எப்படிச் சொன்னார்?

இதே பவுண்டேஷனின் பழைய பாட்டிலில் இந்தப் பொருளே கிடையாது. நீர், சைக்ளோபென்டாசிலாக்ஸேன், டைமெதிகோன் என்ற சிலிக்கோன்கள், நிறமிகள் என்று போகும் பட்டியல் அது. கலவையை மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் இணையதளத்தில் இன்றும் பழைய பட்டியல்தான் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்குபவர் என்ன பாவம் செய்தார்?

தொலைபேசியில் பேசிய உங்கள் பிரதிநிதியை மறக்கவே முடியவில்லை. "மேடம், அது பர்ஜிங். எல்லாருக்கும் ஆரம்பத்துல வரும். ரெண்டு கோட் சேத்துப் போடுங்க, மறைஞ்சிடும்" என்றார். பர்ஜிங் என்பது தோல் செல்கள் உதிர்ந்து புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டும் ரெட்டினாய்டு, அமிலம் போன்ற மருந்துகளால் ஆரம்பத்தில் பரு கூடுவது. நிறமியும் சிலிக்கோனும் ஐசோப்ரோபைல் பால்மிடேட் என்ற எஸ்டரும் கலந்த பவுண்டேஷனால் அது எப்படி வரும்? இதைக் கேட்டதற்கு, "அப்போ உங்க முகத்தை நீங்க சரியா கழுவறதில்ல. நல்லா தேய்ச்சுக் கழுவுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். பரு உள்ள தோலைத் தேய்த்தால் வீக்கம் கூடும். பரு முகத்துக்கென்றே பொருள் விற்கும் நிறுவனத்தில் பேசுகிறவருக்கு இது தெரியாதா? அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வந்தது சாதாரணப் பருவும் இல்லை. ஒரே அளவில் சின்னச் சின்ன வெண்புள்ளிகள், கன்னத்திலும் தாடை ஓரத்திலும், அதாவது பவுண்டேஷன் பூசிய இடத்தில் மட்டும். பூசாத நெற்றியில் ஒன்றுகூட இல்லை. அழகுசாதனத்தால் வரும் பரு இப்படித்தான் இருக்கும். அடைப்பு வெளியே தெரியவே சில வாரம் ஆகும். நீங்கள் கொடுக்கும் திருப்பி அனுப்பும் கெடுவோ 7 நாள்! துவாரம் அடைக்கிறதா என்று பார்க்க, தாடை ஓரத்தில் சிறு இடத்தில் பூசி நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும். 7 நாளில் தெரிவது எரிச்சலும் ஒவ்வாமையும்தான். இந்தக் கெடுவே வாடிக்கையாளரை ஏமாற்றப் போட்டதுபோல் இருக்கிறது.

கடைக்கு மூன்று நடை. முதல் முறை அட்டை வேண்டும் என்றார்கள். அட்டையோடு போனால் ரசீது. ரசீதோடு போனால், "திறந்த பாட்டிலை எடுக்க மாட்டோம்." திறக்காமல் முகத்தில் எப்படிப் பூசுவது? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

ஷேடையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கவுன்டரில் மஞ்சள் விளக்கின் கீழே, புறங்கையில் பூசிப் பார்த்துத் தருகிறார்கள். தாடை ஓரத்தில் பூசி, 20 நிமிடம் விட்டு, பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்ல வேண்டாமா? இந்த பவுண்டேஷன் எண்ணெய்ப் பசை பட்டதும் ஒரு ஷேடு கறுத்து ஆரஞ்சாகிவிடுகிறது.

இழப்பைக் கேட்டால் ஒரு பாட்டில் விலையோடு முடியவில்லை. பருவுக்குப் போடும் அடாபலீன் களிம்பு முழுப் பலன் காட்ட 12 வாரம் ஆகும். அப்படிப் பொறுத்துத் தெளிந்த முகம் போயே போய்விட்டது. ஒரு வருடமே நாசம் என்று சொன்னால் மிகையில்லை.

தயவுசெய்து இவற்றைச் செய்து கொடுங்கள். முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இணையதளத்தில் புதிய பட்டியலைப் போடுங்கள். "நான்-காமெடோஜெனிக்" என்று எதை வைத்து எழுதினீர்கள், எத்தனை பேர் முகத்தில் எத்தனை வாரம் சோதித்தீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் சோதனையைக் கேட்கிறேன். சோதனை இல்லையென்றால் அட்டையிலிருந்து அதை எடுங்கள். சில வாரம் பூசிப் பார்க்கும் அளவில் சிறிய பாக்கெட்டாகவும் விற்றால் இன்னும் பலர் தப்பிப்பார்கள்.

15 நாள் பொறுப்பேன். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கும், அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிக்கும் துறைக்கும் இதே கடிதம் போகும். பழைய அட்டை, புதிய அட்டை, பேட்ச் எண் தெரியும் பாட்டில், ரசீது நான்கையும் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்