பிளான்ஷ் பக்கம் நின்ற அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நவம்பர் கடைசி வாரம், பதிமூன்றாம் நூற்றாண்டு பிரெஞ்சு ராணி பிளான்ஷ் இறந்த வாரம். அவளையும் மருமகள் மார்கரீட்டையும் பற்றிய நம் புத்தகத்தை அதற்குள் முடிப்பதாகப் பேச்சு. இனி அது நடக்காது. மார்கரீட் பகுதியைத் தனியாக, என் பெயரில் கொண்டுவரப் போகிறேன். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே நாலு பேர் படிப்பார்கள் என்பதால் சில விஷயங்களைத் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள்.

பிளான்ஷை எனக்குப் பிடிக்க வைத்ததே நீங்கள்தான். 1200இல் எண்பதை நெருங்கும் வயதில் பாட்டி எலினோர், இங்கிலாந்து அரசனின் அம்மா, பிரெனீஸ் மலை தாண்டி ஸ்பெயின் பக்கத்துக் காஸ்டீலுக்குப் போய், பேத்திகளில் மூத்தவளை விட்டுவிட்டு இளையவளைக் கூட்டிவந்த கதையை நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும். "பெண் பார்க்கப் போனதே பெண்ணோட பாட்டிடி!" என்று சிரிப்பீர்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம். அதற்கு ஈடாகப் பிரெஞ்சு இளவரசனுக்கு 12 வயதுப் பெண். அவளே 1226இல் கணவனை இழந்து, மூன்றே வாரத்தில் மகனுக்கு ரெய்ம்ஸில் முடிசூட்டினாள். 1229இல் தெற்கே துலூஸ் கோமகனின் ஒரே மகளைத் தன் இன்னொரு மகனுக்குப் பேசி முடித்து, வாரிசு இல்லாவிட்டால் நாடு அரசருக்கு என்று எழுதி வாங்கினாள். 1271இல் அப்படியே ஆனது. இருபது வருஷம் படை நடத்தியும் முழுசாகக் கைக்கு வராத தெற்கு, ஒரு கல்யாணத்தில் வந்தது. அந்த அத்தியாயத்தை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது.

ஆனால் மருமகள் வந்ததும் உங்களுக்கு ஏன் அக்கா பேனா ஓடவில்லை?

எனக்குக் குழந்தை பிறந்த மறுநாள் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். பிளாஸ்க்கில் பூண்டு ரசம். பையில் நான் எழுதிய பக்கங்கள், சிவப்பு மையில் திருத்தி. ரசத்தை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னீர்கள்: "அந்தப் பிரசவக் காட்சியை எடுத்துட்டேன். சீரியல் மாதிரி இருக்கு."

மார்கரீட் பிரசவத்தில் செத்துப் பிழைக்கிறாள். பக்கத்தில் இருக்கும் கணவனின் கையைப் பிடித்து, "உனக்கு இங்கே வேலை இல்லை, வா" என்று மாமியார் இழுத்துப் போகிறாள். "செத்தாலும் பிழைத்தாலும் அவரைப் பார்க்க விடமாட்டீர்களா" என்று கத்திவிட்டு இவள் மயங்கி விழுகிறாள். அரசனோடு பழகிய ஜுவான்வீல் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தது, நான் கட்டியதில்லை. தையல் போட்ட வலியோடு படுத்துக்கொண்டு உங்கள் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். ரசம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் நியாயமும் தெரியும். பிளான்ஷ் அந்நிய நாட்டுப் பெண். ராஜாவான பையனைத் தூக்கிப் போகப் பிரபுக்கள் காத்திருந்த காலம். பிடியை விட்டால் போச்சு. சரி. ஆனால் 1234இல் 13 வயதில் வந்த மார்கரீட்டும் அந்நியப் பெண்தானே? பொந்துவாஸ் அரண்மனையில் மேலே ராஜா அறை, கீழே ராணி அறை, இரண்டும் சந்தித்துக்கொள்ள ஒரு சுழல் படிக்கட்டு. மாமியார் வந்தால் காவலாள் கதவைக் கோலால் தட்டுவான், உடனே அவரவர் அறைக்கு ஓட வேண்டும். கட்டின பெண்டாட்டியோடு பேசுவதற்கு!

1250இல் சிலுவைப்போருக்குப் போன கணவன் எகிப்தில் சிறைப்பட்ட சேதி வந்த மூன்றாம் நாள் பிள்ளை பெற்று, ஓடப் பார்த்த ஜெனோவா, பீசா நகரத்து இத்தாலியர்களைத் தன் படுக்கையருகே வரவழைத்துப் பேசி, எகிப்தில் பிடித்திருந்த தமியாத்தா துறைமுகத்தை விடாமல் வைத்திருந்தவள் அவள். அதற்கு நீங்கள் கொடுத்தது ஒரு பத்தி. "இடம் போதாது." 1270இல் புருஷன் மறுபடி சிலுவைப்போருக்குக் கிளம்பியபோதும் ஆட்சிப் பொறுப்பு அவளுக்கு வரவில்லை. இரண்டு ஆண்களிடம் போனது.

உங்களை மாமியார் என்று சொல்லவில்லை. படிக்கிறவர்களும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். வாக்கியம் அமைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள், அது எங்கேயும் போகாது. ஆனால் நான் எழுதிய எதுவும் உங்கள் சிவப்பு மையில் குளிக்காமல் வெளியே போனதில்லையே அக்கா, இத்தனை வருஷத்தில். மன்னித்துவிடுங்கள். கேட்காமல் செய்கிறேன், கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

1200, 1229 அத்தியாயங்கள் உங்களுடையவை. ஒரு வரி எடுக்கவில்லை. பிரசவக் காட்சிதான் என் முதல் அத்தியாயம். பிளாஸ்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கூரியரில் அனுப்பமாட்டேன். வேண்டுமானால் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.