சித்தப்பா அணி வாங்கப் போகிறார்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். பதில் போடாததற்கு உன்னோடு பிறகு சண்டை பிடிக்கிறேன். இப்போது வேறு செய்தி: உன் சித்தப்பா உதைபந்தாட்ட அணி வாங்கப் போகிறார்! புதிய லீக் ஒன்றைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் அவர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும்?” என்று கேட்டார்.

நான் அவருக்கு லமார் ஹன்டைப் பற்றிச் சொன்னேன். டெக்சஸ் எண்ணெய்க் குடும்பத்துப் பிள்ளை. 1967இல் டல்லஸ் டோர்னாடோ அணியைத் தொடங்கினார். அடுத்த வருடம் ஆடிய 32 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு! 17 அணிகள் இருந்த வட அமெரிக்க சொக்கர் லீக்கில் 1969இல் மிஞ்சியவை ஐந்து. மற்றப் பணக்காரர்கள் கைவிட்டுப் போனார்கள், இவர் போகவில்லை. 1971இல் அதே டோர்னாடோ சம்பியன் ஆனது.

அந்த லீக் 1984உடன் முடிந்துபோயிற்று. 1996இல் அமெரிக்காவில் மேஜர் லீக் சொக்கர் என்ற புதிய லீக் தொடங்கியபோது மனிதர் மறுபடியும் வந்தார். இம்முறை அவருடைய ஓர் அணி கொலம்பஸில். அந்த நகரத்தார் அரங்கு கட்ட வரி தரமாட்டோம் என்று வாக்களித்துவிட்டார்கள். ஹன்ட் தன் பணத்தில் ஏறத்தாழ 28.5 மில்லியன் டொலர் செலவழித்துக் கட்டி, 1999இல் திறந்தார். அதுவரை பிறருடைய பிரமாண்டமான அரங்கில், காலி இருக்கைகளுக்கு நடுவே ஆடிய கழகத்துக்குச் சொந்த வீடு கிடைத்தது. 2002இல் இரண்டு அணிகள் மூடப்பட்டன. மிஞ்சிய பத்தையும் ஹன்ட், அன்ஷுட்ஸ், கிராஃப்ட் என்ற மூன்று முதலாளிமார்தான் தாங்கினார்கள். எதிரணி செத்தால் தன் அணிக்கும் ஆட்டமில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சித்தப்பாவோ வெளிநாட்டு வீரர் இருவரையும், கடைப்பெயர் போட்ட ஜேர்சியையும் பற்றியே பேசுகிறார். எனக்கு வயிறு எரிகிறது, மச்சான். மாரி மழையில் மைதானம் குளமாகிவிடும், அந்த மாதங்களில் பெடியன்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நம் இடது விங் பெடியன் போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். இருபது வயது. இங்கே மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்திருந்தால் அவனைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்.

தண்ணீர் வடியும் பயிற்சித் திடல், வருடம் முழுவதும் சம்பளம், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர்: முதல் காசு இவற்றுக்குப் போகவேண்டும். தோற்றாலும் ஐந்து வருடம் விலகமாட்டேன் என்று சித்தப்பா எழுதித் தரவேண்டும். நான் சொன்னால் சிரிப்பார், உன் சொல்லைத் தட்டமாட்டார். ஞாயிறு கூட்டத்துக்கு முன் அவரோடு தொலைபேசியில் பேசிவிடு.

அன்புடன்,
உன் கோல்கீப்பர்