எங்கள் நடைபாதையில் பெட்டி வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளவங்கோடு தாலுகாவில் தெருவோரம் பெட்டி வைக்கிற தொலைத்தொடர்பு, கேபிள் நிறுவனத்தாருக்கும், மின்சாரத் துறையினருக்கும், அனுமதி கொடுக்கிற உள்ளாட்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு குடியிருப்புத் தெருவில் இருந்து எழுதுகிறேன். தெருவின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் பல தெருக்களில் நான் சொல்லப்போகிற பெட்டி நிற்கிறது. எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் போனாலும் பார்க்கலாம்.

முதலில் அந்த நடைபாதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெட்டி வைக்க வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் தெரு முன்பு இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு ஆட்டோ போகிற அகலம்தான். 2011இல், தெருவை அகலப்படுத்தி ஓரத்தில் ஓடை கட்டலாம், ஆளுக்கு மூன்றடி விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு சென்ட் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போகிற ஊர் இது. அந்த வருடக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கேதான். அப்படி இருந்தும் அப்பா முதல் ஆளாகச் சரி என்றார். வீட்டைச் சுற்றிய விளையின் முன்பக்கம் நின்ற அயனி மரத்தை வெட்டினோம். மதிலை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினோம், சொந்தச் செலவில். எதிர்வீட்டு மாமி கிணற்றடிக்குப் போகிற வழியையே விட்டுக்கொடுத்தார். அப்படிக் கிடைத்த இடத்தில் ஓடை வந்தது. ஓடைக்கு மேல் சிலாப் போட்டார்கள். அந்தச் சிலாப்தான் எங்கள் நடைபாதை. நாலடி அகலம். அப்பா கடைசி நாட்களில் காலாற நடந்தது அதன் மேல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பிக்கப் வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். சிலாப்பின் மேல் செங்கல் அடுக்கி, சிமென்ட் பூசி, ஒரு மேடை கட்டினார்கள். “என்ன தம்பி இது?” என்று கேட்டேன். “நெட் பாக்ஸ்க்கா, உங்க தெருவுக்குத்தான்” என்றார் ஒருவர். “நடக்கிற இடத்துல ஏன் வைக்கிறீங்க?” என்றதற்கு, “மார்க் போட்டு வச்சிருக்கிறதே இங்கதான்க்கா, நாங்க காண்ட்ராக்ட்ல வேலை பாக்கோம்” என்றார். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெயிலில் நின்று வேலை செய்தவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஆளுயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நின்றது. பக்கவாட்டில் மின்விசிறி, கீழே பேட்டரி, மின்கம்பத்திலிருந்து தொங்கி வருகிற ஒரு வயர். மேடையோடு சேர்த்து இரண்டே முக்கால் அடி அகலம்.

மீதி ஒன்றே கால் அடி.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. போன வருடம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். தினமும் நடந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கால் முடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாக்கரின் கால்களுக்கு இடையில் ஏறக்குறைய இரண்டடி இருக்கும். ஆக, பெட்டி வரைக்கும் வந்ததும் அம்மா நிற்க வேண்டும். வாக்கரைத் தூக்கி ரோட்டில் வைக்க வேண்டும். முக்கால் அடி உயரத்திலிருந்து வலியுள்ள காலை இறக்க வேண்டும். பின்னால் வருகிற மினி பஸ்ஸுக்கும் ரப்பர் பால் ஏற்றிய பைக்குகளுக்கும் ஒதுங்க வேண்டும். அப்புறம் பெட்டியைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். நான் கூட இருந்தால் தாங்கிப் பிடிப்பேன். நான் வேலைக்குப் போகிற நாட்களில் அம்மா பெட்டி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். வீட்டு வாசலில் இருந்து பெட்டிக்கு முப்பத்தொரு எட்டு. அவருடைய உலகம் இப்போது அவ்வளவுதான் என்று எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எங்கள் தெருவில் கண் பார்வையில்லாத ஒரு அண்ணன் இருக்கிறார். தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் காலையில் பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய் கேரள லாட்டரி விற்றுவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். வெள்ளைக்கோல் தரையைத் தட்டிக்கொண்டே போகும், எதிரில் மேடை வந்தால் சொல்லிவிடும். தலை உயரத்தில் நிற்பதைக் கோலால் சொல்ல முடியாது. எங்கள் தெரு முனையில் ஒரு கம்பத்தில், நெற்றி உயரத்தில் ஒரு இணைப்புப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. கோல் கம்பத்தைக் கண்டுபிடித்து விலகச் சொன்னது, அவரும் விலகினார், விலகிய பக்கம்தான் பெட்டியின் மூலை இருந்தது. புருவத்துக்கு மேல் நாலு தையல். யாரோ கதவைப் பூட்டாமல் விட்டுப்போன இன்னொரு நாளில் திறந்து கிடந்த இரும்புக் கதவில் தோளை இடித்துக்கொண்டார். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. இப்போது அந்த இடம் வந்தால் ரோட்டின் நடுவில் நடக்கிறார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

சாலை பற்றிய வரையறைகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. ஏறக்குறைய ஆறடி. தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரத்துக்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்கிறது. கம்பம், பெட்டி, குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் நடக்கிற பகுதிக்கு வெளியே தனி ஓரம் ஒதுக்கச் சொல்கிறது. எங்கள் நாலடி நடைபாதையில் ஆறடிக்கு வழியில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் இருக்கிற நாலடியில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்ள அது ஒரு காரணமாக முடியாது. இடம் குறைந்த தெருவில்தான் ஒவ்வொரு அங்குலத்துக்கும் யோசிக்க வேண்டும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையின் பகுதி என்றும், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும், ஆக்கிரமிப்புகளை அகற்றியாக வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆக்கிரமிப்பு என்றதும் நம் அலுவலகங்களுக்கு நினைவு வருவது கடைப்படிக்கட்டும் தட்டுவண்டியும்தான். எங்கள் தெரு முக்கில் கடவம் என்கிற கூடையில் மட்டிப்பழம் வைத்து விற்கிற ஒரு அக்காவை இரண்டு முறை எழுப்பிவிட்டார்கள். அவர் பொழுது சாய்ந்தால் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர். கேட்டால் ஒதுங்கி வழி விடுகிறவர். இரவும் பகலும் அதே இடத்தில் நிற்கிற இரும்புப் பெட்டிக்கு இதுவரை ஒரு நோட்டீஸ்கூட ஒட்டப்படவில்லை. இது நியாயம் இல்லை என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

யாரிடம் போய்ச் சொல்வது என்பதில் எனக்கு ஒரு வருடம் போயிற்று. பெட்டியில் பெயர் இல்லை, எண் இல்லை. மின் இணைப்பு இருப்பதால் ஒரு அலுவலகத்தில் கேட்டேன், மீட்டர் மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், இது நெட்காரர்கள் விஷயம் என்றார்கள். எல்லைப்புறத்தில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு சிரமம் உண்டு. தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா ஒரு வட்டம் என்று தொலைத்தொடர்புச் சேவை பிரிந்திருக்கிறது. வீட்டின் முன்னறையில் ஒரு டவர், பின்கட்டில் வேறொரு டவர் பிடிக்கிற ஊரில், எந்தப் பக்கத்து ஆளிடம் கேட்டாலும் மறுபக்கத்தைக் கை காட்டுகிறார். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அனுமதிக் கடிதத்தின் நகல் கேட்டேன். அப்படியொரு கடிதம் பதிவேட்டில் காணப்படவில்லை என்று பதில் வந்தது.

உள்ளாட்சி அலுவலர்களே, உங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லாதீர்கள். 1885ஆம் வருடத் தந்திச் சட்டமே கம்பியும் கம்பமும் போடுகிறவர் முடிந்த அளவு குறைவான சேதத்தோடு போட வேண்டும் என்றது. 2016இல் வந்த வழியுரிமை விதிகள், அதாவது பொது இடத்தில் கம்பியும் கம்பமும் போட அனுமதி கொடுப்பதற்கான விதிகள், பொதுமக்களின் சிரமத்தைக் குறைக்கவும் பாதுகாப்புக்காகவும் நிபந்தனை போட்டு அனுமதி கொடுக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்லின. 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும் என்ற பிரிவும் அதில் இருந்தது. 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. விண்ணப்பம் மேசையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு தெருவின் நடைபாதை கைவிட்டுப் போகிற நாள். யாராவது ஒருவர் டேப்போடு நேரில் வந்து, இந்த இடம் வேண்டாம், அந்த மதிலோரம் வையுங்கள் என்று எழுதினால் போதும்.

எங்களுக்கு நெட் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று தெரியாமல் தவித்த குடும்பங்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2020இல் என் மகள் ஆன்லைன் வகுப்புக்காக மொட்டைமாடியில் குடை பிடித்து நின்றாள். வளைகுடாவில் இருக்கிற என் தம்பியின் முகத்தை அம்மா தினமும் பார்ப்பது இதே இணைப்பில்தான். அதன் அருமை தெரிந்துதான் சொல்கிறேன், பெட்டி அங்கேதான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நெட் இணைப்பு வேலை பார்க்கிற எங்கள் சொந்தக்காரப் பையனிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டேன். வீடுகளுக்குக் கொடுக்கிற ஃபைபரில் இப்போது பெரும்பாலும் இருப்பது, ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஜிபான் என்கிற முறை. இழையில் ஒளி அனுப்புகிற ஓஎல்டி என்ற கருவிதான் கரண்டும் காற்றும் பேட்டரியும் கேட்கிறது. அதிலிருந்து புறப்படும் ஒளி 20 கிலோமீட்டர் வரை போகும். நடுவில் இழையைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், ஒரு சோற்றுப் பாத்திர அளவுதான், கம்பத்தில் உயரமாக மாட்டிவிடலாம். அப்படியென்றால் மார்த்தாண்டத்தில் ஒரு அறையில் இருக்கிற கருவியே களியக்காவிளை வரைக்கும் ஒளி அனுப்பும். மாத வாடகை கொடுத்து ஒரு அறை எடுப்பதைவிடத் தெருவோரம் மலிவு என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மொபைல் கம்பத்தின் விஷயம் கொஞ்சம் வேறு, ஆன்டெனா பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதற்கும் நூலகத்தின் பின்பக்கம், நியாயவிலைக் கடையின் ஓரம், பழைய பஞ்சாயத்துக் கட்டடம் என்று மதிலுக்கு உள்ளே இடம் தேடலாம்.

ஓடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது உங்களுக்கே உதவும். நம் தெருக்களில் நடைபாதையும் ஓடையும் வேறு வேறு இல்லை. பெட்டி உட்கார்ந்திருக்கிற சிலாப்பைத் தூக்க முடியாது, தூக்காமல் மண் வார முடியாது. இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு மழையிலும் தண்ணீர் பெட்டிக்கு மேல்புறம் தேங்கித் தெருவில் ஏறுகிறது. கரண்ட் உள்ள இரும்புப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போது, அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாப் பெட்டியிலும் உரியவர் பெயர், போன் எண், அனுமதி எண் தமிழில் எழுதி ஒட்டுங்கள். லேண்ட்லைன் காலத்தில் வைத்து, உள்ளே ஒரு கம்பிகூட இல்லாமல் துருப்பிடித்து நிற்கிற பழைய பெட்டிகளை முதலில் எடுங்கள், அதற்கு யாருடைய இணைப்பும் அறுந்துபோகாது. எங்கள் தெருப் பெட்டிக்கு இடம் இல்லை என்றால் நான் தருகிறேன். மதிலுக்கு உள்ளே, அயனி நின்ற மூலையில், மூன்றடிக்கு மூன்றடி. வாடகை வேண்டாம். பழுது பார்க்க எந்த நேரத்தில் வந்தாலும் கேட்டைத் திறந்துவிடுவேன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார்.

அடுத்து எங்கள் தெருவுக்கு அளவெடுக்க வருகிற நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். காலை ஆறரை மணிக்கு வந்தால் நல்லது. அம்மா வாக்கரோடு இறங்குகிற நேரம் அது. டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு மகள்
விளவங்கோடு தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்