ஆண்டறிக்கை: ஏப்ரல் 1999 முதல் மார்ச் 2000 வரை

தூத்துக்குடி, 9.4.2000

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கணினி பயன்படுத்துவோர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஆண்டறிக்கையை வைக்கிறேன். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு கூட்டம் தவறாமல் நடந்தது. ஐப்பசி அடைமழையில் ஒருமுறை மட்டும் ஒரு வாரம் தள்ளிவைத்தோம். உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்காரர்களும் உப்பளக் கணக்கர்களும்தான் முன்பு அதிகம். இப்போது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை பார்க்கும் தங்கைகளும், பிள்ளைகளுக்காகக் கணினி வாங்கிவிட்டு அதைப் பார்த்துப் பயப்படும் பெற்றோரும் வருகிறார்கள். சந்தா பாக்கி, வரவு செலவு எல்லாம் பொருளாளர் வாசிப்பார். நான் பழுதுகளைப் பற்றிப் பேசுகிறேன். இந்த ஆண்டு நம் வேலையே அதுவாகத்தான் இருந்தது.

ஆண்டு தொடங்கியதே ஒரு பலத்த அடியோடுதான். 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. காலையில் ஆபீஸ் திறந்து கணினியைப் போட்டவர்களில் சிலருக்குத் திரையில் ஒன்றுமே வரவில்லை. சிலருக்கு ‘சிஸ்டம் டிஸ்க் போடு’ என்று வந்தது. மதியத்துக்குள் என் வீட்டு டெலிபோன் சூடாகிவிட்டது. சிஐஎச் என்ற வைரஸ்தான் காரணம். உக்ரைனில் செர்னோபில் அணுஉலை வெடித்த 1986 ஏப்ரல் 26-ஆம் தேதியோடு நாள் பொருந்தியதால் பத்திரிகைகள் அதற்குச் செர்னோபில் என்று பெயர் வைத்தன. பிறந்த இடம் தைவான். கொரியாவிலும் துருக்கியிலும் பெருஞ்சேதம் செய்த அது, நம் ஊருக்கு விளையாட்டு சிடி வழியாக வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று தேட வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம். அந்த சிடி பாதி உறுப்பினர் வீட்டுக்குப் போய்வந்திருந்தது.

இது எப்படி இத்தனை மாதம் கண்ணில் படாமல் இருந்தது என்று பலர் கேட்டார்கள். பழைய வைரஸ்கள் தொற்றினால் ஃபைல் கொஞ்சம் பெருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இது ஏறத்தாழ ஒரு கிலோபைட்தான். விண்டோஸ் 95, 98 நிரல் ஃபைல்களுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் தன்னைத் துண்டு துண்டாகச் செருகிக்கொள்ளும். ஃபைல் அளவு மாறாது. நாள் வந்ததும் இரண்டு வேலை செய்யும். ஹார்டு டிஸ்கின் முதல் ஒரு மெகாபைட்டைப் பூஜ்யத்தால் நிரப்பும். முடிந்தால் மதர்போர்டில், கணினியைத் துவக்கும் முதல் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பையும் அழிக்கும்.

முதல் ஒரு மெகாபைட்தானே, மீதி இருக்கிறதே என்று தோன்றும். டிஸ்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை, துவக்கத்துக்கான பூட் செக்டார், எந்த ஃபைல் எங்கே தொடர்கிறது என்று சொல்லும் ஃபேட் அட்டவணை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஊரில் வீடுகள் எல்லாம் அப்படியே நிற்க, தெருப் பெயரும் கதவிலக்கமும் மட்டும் ஒரே ராத்திரியில் அழிந்தால் தபால்காரர் என்ன செய்வார், அந்த நிலைமை.

இதில் கற்றுக்கொண்ட ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் அச்சக அண்ணாச்சியின் கணினியில் 3.2 ஜிகாபைட் டிஸ்க், ஃபேட்32 முறையில் பிரித்தது. ஃபேட் அட்டவணைக்கு எப்போதும் இரண்டு பிரதி உண்டு. ஃபேட்32-இல், அந்த அளவு டிஸ்கில், முதல் பிரதியே மூன்று மெகாபைட்டைத் தாண்டும். இரண்டாவது அதற்கு அப்பால்தான் தொடங்கும். வைரஸ் அழித்த ஒரு மெகாபைட் அங்கே எட்டவில்லை. இரண்டாம் பிரதியை வைத்து மீட்டுத் தரும் இலவச நிரல் சில நாளில் கிடைத்தது. அண்ணாச்சியின் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் திரும்பி வந்தன. ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டிஸ்கைப் பழைய ஃபேட்16 முறையில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பிரதி அதிகபட்சம் 128 கிலோபைட்தான். இரண்டு பிரதியும் முதல் மெகாபைட்டுக்குள் அடக்கம், இரண்டும் போயின. அவர்களைக் காப்பாற்றியது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். வாராவாரம் தினக்கணக்கான டேபுக்கை அச்சிட்டுக் கட்டி வைக்கும் பழைய கணக்கர் அங்கே இருந்தார். ‘கம்ப்யூட்டர் வந்த பிறகும் எதற்குக் காகிதம்’ என்று அவரைக் கேலி செய்த பிள்ளைகளே உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப டேலி கணக்கு நிரலில் அடித்தார்கள்.

பயாஸ் போன கணினிகளில் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டு. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் இதில் அதிகம் அடிபட்டன. ஒரு கடையில் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். நம் உறுப்பினரான ரேடியோ மெக்கானிக் ஒருவர் செய்த வேலையை அன்று வந்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே மாடல் நல்ல போர்டு ஒன்றில் பயாஸ் சிப்பைக் கழற்றி, அடியில் நூல் கொடுத்து, லேசாகத் திரும்பச் செருகினார். கணினியை டாஸ் இயங்குதளம் உள்ள ஃபிளாப்பியில் துவக்கினார். துவங்கியபின் பயாஸின் நகல் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும், சிப் தேவைப்படாது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நூலைப் பிடித்துச் சிப்பைத் தூக்கினார், அழிந்த சிப்பை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார், எழுதும் நிரலை ஓட்டினார். அறையில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். சிப்பின் ஒரு கால் தப்பாக உட்கார்ந்தால் இரண்டு போர்டும் போய்விடும்.

சரி, அடுத்தது ஒய்2கே, அதாவது ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருக்கும் கணினிகள் 2000 பிறந்ததும் 1900 என்று குழம்பிவிடும் என்ற பயம். டிசம்பர்க் கூட்டத்துக்கு உட்கார இடமில்லை. பேங்க் ஓடுமா, கரண்ட் வருமா, கப்பல் கரைசேருமா என்றெல்லாம் கேள்வி வந்தது. நாம் மேசைக் கணினிக்கு மட்டும் பதில் சொன்னோம். சோதிக்கும் முறை இது: விண்டோஸில் சோதிக்கக்கூடாது. ஃபிளாப்பியில் துவக்கி, தேதியை 31.12.1999, நேரத்தை இரவு 11.58 என்று வைத்து, கணினியை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸுக்குள் தேதியை முன்னே தள்ளினால் தவணை வைத்த மென்பொருள்கள் காலாவதியாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கணக்கு நிரலில் பதிவுகள் அடுத்த ஆண்டில் போய் விழும். பெரும்பாலான பழைய 486 ரகக் கணினிகள் ஒருமுறை கையால் தேதி கொடுத்ததும் ஒழுங்காகிவிட்டன. சில 4.1.1980 என்று காட்டின, அவற்றுக்கும் அதே மருந்து. ஒரு வகைப் பழைய பயாஸ் மட்டும் 2094-க்குத் தாவியது, எத்தனை முறை மாற்றினாலும் ஒவ்வொரு துவக்கத்திலும் அடம் பிடித்தது. அவற்றுக்குத் துவக்கத்திலேயே தேதியைத் திருத்தும் சிறு நிரலைச் சேர்த்துக் கொடுத்தோம்.

ஜனவரி 1 சனிக்கிழமை. ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் கூடப் போகவில்லை, அதுதான் ஆச்சரியம்.

ஆனால் அதன்பிறகு ஒரு மாதம், எது பழுதானாலும் ஒய்2கே என்றே சொன்னார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். தேதி தப்பு, ஹார்டு டிஸ்கையும் காணோம் என்கிறது. ‘2000 பிறந்ததும் இது செத்துப்போச்சு தம்பி’ என்றார். விற்ற கடையில் போர்டு மாற்ற விலையும் சொல்லியிருந்தார்கள். மதர்போர்டில் ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு, சிஆர்2032 என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். அது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அணைத்ததும் எல்லா அமைப்பும் மறந்துவிடும். புதியது போட்டு, துவக்கத்தில் டெலிட் விசையை அழுத்தி பயாஸ் பட்டியலுக்குள் போய், ‘ஐடிஇ ஆட்டோ டிடெக்ட்’ கொடுத்ததும் டிஸ்க் வந்துவிட்டது. அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி மாறுகிறது என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பிறகு கடைக்காரரைப் பார்க்கலாம்.

பிப்ரவரி 29-ஐப் பற்றியும் எச்சரித்திருந்தோம். நூற்றாண்டு என்றால் லீப் கிடையாது, 400-ஆல் வகுபட்டால் மட்டும் உண்டு என்ற விதியின் பாதியை மட்டும் படித்தவர்கள் எழுதிய பேசிக் மொழி நிரல்களில் அந்த நாளே இருக்காது. வட்டிக் கணக்கு போடும் ஒரு நிரலில் அது சிக்கியது. எழுதியவர் நம் உறுப்பினர்தான், அவரே ஒரு வரியில் திருத்திவிட்டார். விண்டோஸ் 95-உம் 98-உம் 49.7 நாள் நிறுத்தாமல் ஓடினால் உறைந்துவிடும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லித் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. அது வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். நம் மின்வெட்டில் 49 நாள் தொடர்ந்து ஓடிய கணினி இருந்தால் அதற்குத்தான் விழா எடுக்க வேண்டும்.

வைரஸும் ஒய்2கேயும் பேப்பரில் வந்தன. ஞாயிறு உதவி மேசைக்கு வந்ததில் பெரும்பகுதி அவை இல்லை, உப்புக்காற்று. திரை வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்று வருவார்கள். பல போர்டுகளில் நீளமான பீப் விடாமல் வந்தால் ராம், ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் டிஸ்பிளே கார்டு. ராமைக் கழற்றிப் பார்த்தால் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படிவு இருக்கும். கடற்கரை ஊருக்கு இது தலைவிதி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு, ராமை ஓரத்தில் பிடித்து, பள்ளிப்பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்துத் திரும்பச் செருகினால் பத்தில் பாதிக்கு மேல் எழுந்துவிடுகின்றன. ரப்பர் துகளை ஸ்லாட்டுக்குள் உதிர்க்கக்கூடாது. இதற்கே வெளியில் ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்குகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்ற புகாரும் நிறைய. எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்று முள் பிளக் இருந்தாலும் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை சும்மா ஓட்டைதான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்குள் இருக்கட்டும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட வேண்டும், உப்புக்கா நம் ஊரில் பஞ்சம்! கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் யாரும் நினைப்பதில்லை. சித்திரை வருகிறது, ஊற்றுங்கள்.

மழைக்காலத்தில் மோடம்கள் செத்தன. இடி இடித்தால் எல்லாரும் கரண்ட் பிளக்கைப் பிடுங்குகிறோம், டெலிபோன் ஒயரை விட்டுவிடுகிறோம். மின்னல் மோடத்துக்குள் வருவது அந்த வழியாகத்தான். மௌஸ் தாவுகிறது என்று வருபவர்கள் அடியில் உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் எடுத்துவிட்டு, அப்புறம் வரவும்.

தமிழ் எழுத்துரு விஷயம் இன்னும் தீரவில்லை. சென்ற ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ் எழுத்துகளைக் கணினிக்குள் குறிக்க டாம், டாப் என்ற குறியீடுகளும், தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் ஊரில் உள்ள டிடிபி கடைகள் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருக்கின்றன. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கொம்பும் கொக்கியுமாக அந்நிய எழுத்துகள் வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்தவர்களும் உண்டு. ஃபைல் கெடவில்லை. அடித்த எழுத்துருவை அந்தக் கணினியிலும் நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆகவே ஃபிளாப்பியில் ஃபைலைக் கொடுக்கும்போது எழுத்துருவின் பெயரை லேபிளில் எழுதுங்கள். தட்டச்சு படித்த தங்கைகள் புதிய விசைப்பலகைக்கு மாற மறுக்கிறார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐயே சொல்லிக்கொடுப்போம்.

செயற்குழு பேரவையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறது: சங்கத்துக்கு ஒரு சிடி ரைட்டர் வாங்க வேண்டும். ஒரு சிடியில் 650 மெகாபைட் அடங்கும், நானூற்றைம்பது ஃபிளாப்பிக்குச் சமம். உறுப்பினர்கள் வெற்று சிடியோடு வந்து தங்கள் கணக்கைப் பதிந்துகொண்டு போகலாம். ஃபிளாப்பி அடுக்கை நம்ப முடியவில்லை. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கிறது, ஒரு டிரைவில் எழுதியது அடுத்த டிரைவில் படிக்க மாட்டேன் என்கிறது. விலையைப் பொருளாளர் விசாரித்து வைத்திருக்கிறார். சந்தாவைச் சற்று உயர்த்தாமல் முடியாது, விவாதித்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. வருகிற புதன்கிழமை அல்ல, 26-ஆம் தேதிப் புதன்கிழமை. சிஐஎச் போன ஆண்டோடு போய்விடவில்லை, சுத்தம் செய்யாத கணினியில் அதே நாளில் மறுபடி எழும். ஒவ்வொரு மாதமும் 26-ஆம் தேதி எழும் வகையும் உண்டு. அன்று மட்டும் தேதியை மாற்றி வைத்துத் தப்பிப்பது ஒரு நாளைக்குத்தான் உதவும். 23-ஆம் தேதி ஞாயிறு காலை 9 மணி முதல் இங்கேயே சிறப்பு உதவி மேசை போடுகிறோம். இரண்டு புதிய 1.44 ஃபிளாப்பி கொண்டு வாருங்கள். ஒன்றில் துவக்க நிரலும் இன்னொன்றில் வைரஸ் தேடும் நிரலும் பதிந்து, ஓரத்து ஓட்டையைத் திறந்து எழுத்துக்காப்பு செய்து தருவோம். வீட்டுக்குப் போய் அந்த ஃபிளாப்பியில்தான் துவக்க வேண்டும், ஹார்டு டிஸ்கில் துவக்கிவிட்டுத் தேடக்கூடாது. விளையாட்டு சிடி வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வரவும். யார் பெயரும் கேட்க மாட்டோம்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்