வாத்தியாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் உன் மூக்குக்கண்ணாடியை உடைத்த கதையைப் படித்துவிட்டு உன் தங்கச்சி வெகுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது வேலூரில், பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இருக்கிறோம். கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானாக மாறப் பழகுகிறான். நேற்று இரண்டு தடவை சரியாக வந்தது. மூன்றாம் தடவை என் மேலேயே சரிந்தான்.

ஊரில் பார்க்க வந்தவர்களெல்லாம் பைபிளில் எரேமியா 29:11-ஐ, ஆண்டவர் நம்மேல் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனத்தை, சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வசனத்தின் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அல்லவா அது! முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கெடு இருக்கிறது. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அதுவரை? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். அவ்வளவுதான்.

இந்த மையத்துக்கு டாக்டர் மேரி வர்கீஸ் பெயர். 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அப்போது இளம் டாக்டர். கை நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டர் பால் பிராண்ட் வழி காட்ட, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பிறகு அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தார். 1966-ல் இந்த இடம் திறந்தது.

"இதற்காகத்தான் ஆண்டவர் அந்த விபத்தை அனுமதித்தார்" என்றார் பார்க்க வந்த உறவுக்காரர். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெண்ணின் முதுகை முறித்துத்தான் அவர் கட்டடம் கட்ட வேண்டுமா? ஆனால் முறிந்தவரை அவர் கைவிடவில்லை. அது தெரிகிறது. தம்பிக்கு என்ன வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. ராத்திரி ஜெபத்தில் இப்போதெல்லாம் "ஏன்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு உதவி. உன் மச்சான் கொத்தனார்தானே? வீட்டு வாசலுக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம். நம் திண்ணை இரண்டரை அடி, ஆக முப்பது அடி. முற்றத்தில் அவ்வளவு இடம் இல்லை, நடுவில் திருப்பித்தான் கட்ட வேண்டும். முருங்கை குறுக்கே நிற்கிறது. அதை வெட்டக்கூடாது என்கிறான் தம்பி. மச்சானைக் கேட்டு எழுது.

உன் பழைய
விடுதி அறைத் தோழன்